அழுத்தாமலே அடித்த ஃப்ளாஷ்

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட்டார், தொண்டையைச் செருமினார். பிறகு ஆயுள் தண்டனைக்குக் குறையாத ஒரு தீர்ப்பை வாசிக்கப் போகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஸ்டூடியோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார். விரல் இன்னும் பொத்தானுக்குப் போகவில்லை.

பளீர்!

"எடுத்தாச்சா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்கய்யா. நான் இன்னும் அழுத்தவே இல்லை."

"அப்போ அடிச்சது யாரு?"

"நான் இல்லீங்கய்யா."

சொல்லி முடித்த பிறகுதான், கூண்டில் நின்றவர்கள் எத்தனை பேர் இவரிடம் இதே பதிலைச் சொல்லியிருப்பார்கள் என்று ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றியது. நீதிபதிக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

ஓய்வு பெற்ற நீதிபதி அவர். பழைய நீதிமன்றக் கூடத்தில் அவருக்கு முன்னால் இருந்தவர்களின் படங்களெல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. அடுத்த ஆணியில் இவர் தொங்க வேண்டும். படம் நாளைக் காலையில் சட்டம் போடுகிறவரிடம் போயாக வேண்டும். நீதிபதியே படியேறி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது ஸ்டூடியோவுக்குப் பெரிய கௌரவம். அந்தக் கௌரவம் இப்போது தானாகவே மின்னிக்கொண்டிருந்தது.

"பேட்டரி வீக்கா இருக்கும். மாத்திடலாம்" என்றாள் மனைவி.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு ஏறினாள். ஃப்ளாஷுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு அவள் வைத்த பெயர் பிள்ளைப் பெட்டி. கேமராவின் தலையில் உட்கார்ந்திருப்பது அம்மாப் பெட்டி. இங்கே அழுத்தினால் அம்மா கூப்பிடும், அங்கே பிள்ளை மின்னும். நடுவில் ஒயர் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அவ்வளவுதான் விஷயத்துக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இன்னொரு ஸ்டூடியோ. அது அவருடைய தம்பியுடையது. அப்பா இருந்த காலத்தில் இருவரும் ஒரே அறையில், ஒரே கேமராவைப் பிடித்து வளர்ந்தவர்கள். தம்பிக்கு ஒருநாள் ஞானம் வந்தது. "அண்ணே, ஃப்ளாஷைக் கேமரா மேலிருந்து எடுத்துட்டுப் பக்கவாட்டுல வைப்போம். மூஞ்சிக்கு ஒரு மேடு பள்ளம் தெரியும்" என்றான். ஸ்டூடியோக்காரர் விடவில்லை. "ஃப்ளாஷ் இருக்க வேண்டிய இடம் கேமரா தலை. அதை வெளியில வைக்கிறவன் வீடு தங்க மாட்டான்" என்றார். தம்பி வீடு தங்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு எதிர் மாடிக்குப் போய்விட்டான். அதிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு ஜன்னலிலும் கறுப்புத் திரை விழுந்தது.

தம்பியின் படங்களில் முகங்கள் முகங்களாக இருந்தன. அண்ணன் எடுத்தால், கழுவிக் கவிழ்த்த தட்டுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தது போல வந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். அப்போதுதான் மனைவி இந்தப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"வச்சுப் பாருங்க. வெளியில யாருக்கும் தெரியப் போறதில்லை."

வெளியில் யாருக்கும் என்றால் ஒரே ஒருவனுக்கு என்று அர்த்தம். திரையை இழுத்து மூடிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தையும் மனைவியையும் மாறி மாறி உட்காரவைத்துப் பழகினார். குடம் முதல் தடவையாகக் குடம் மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், தம்பி சொன்னது சரியாகிவிட்டதே என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

இதற்கு நடுவில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. "சித்தப்பா வரலைன்னா நான் மேடையில சிரிக்க மாட்டேன்" என்று மகள் அறிவித்திருந்தாள். சிரிக்காத மணப்பெண்ணை எந்த வெளிச்சத்தில் எடுத்தும் பிரயோஜனமில்லை என்பது ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும். ஆனாலும், "அவன் முதல்ல இறங்கி வரட்டும்" என்றார். எதிர் மாடியிலும் அதே வசனம் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

"பேட்டரி போட்டாச்சுங்க" என்றாள் மனைவி, முக்காலியிலிருந்து இறங்கி. "ஐயாவுக்கு வேர்க்குது. ஜன்னலைத் திறந்து விடறேன்."

"திரையைத் திறக்காதே!"

"ஐயா முகம் எண்ணெய் வழிஞ்ச மாதிரி வந்தா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று நீதிபதியின் முன்னால் எப்படிச் சொல்வது? திரை விலகியது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும் என்பதால், எதிர் மாடியைப் பார்க்க வேண்டிய அவமானம் அவருக்கு நேரவில்லை.

"ஐயா, இங்கே. லென்ஸைப் பாருங்க."

நீதிபதி பார்த்தார். ஸ்டூடியோக்காரர் அழுத்தினார். பளீர். அழகாக அடித்தது. அதே நொடி எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வீலென்று அலறியது.

நீதிபதியின் கண்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டன. படம் வீண்.

"இன்னொண்ணு எடுத்துடலாங்கய்யா."

நீதிபதி மறுபடியும் தீர்ப்பு முகத்துக்குத் திரும்பினார். திரும்பி முடிப்பதற்குள் ஃப்ளாஷ் தானாகவே அடித்தது. இந்தத் தடவை அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இதுக்கு ஏதாவது மனக்குறை இருக்கா?" என்றார்.

ஸ்டூடியோக்காரர் பெட்டியோடு வந்த காகிதத்தைத் தேடி எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். பக்கத்தில் வேறு கருவி ஏதாவது குறுக்கிட்டால் சேனல் எண்ணை மாற்றவும், இரண்டு பெட்டியிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"கீழே மருந்துக் கடையில புதுசா ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கான். அதோட வேலையா இருக்கும்" என்று தீர்மானித்தார். "அஞ்சாம் நம்பருக்கு மாத்து."

எண்ணை மாற்றுவது எப்போதும் மனைவியின் வேலை. அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். அவள் அம்மாப் பெட்டியைத் திருகினாள், முக்காலியில் ஏறிப் பிள்ளைப் பெட்டியைத் திருகினாள், பிறகு ஜன்னலோரம் நின்று உரக்கச் சொன்னாள்:

"அஞ்சு! அஞ்சுல வச்சாச்சு!"

"ஏன் இப்படிக் கத்துறே?"

"போன வாரம் ஒண்ணை ரெண்டுலயும் ஒண்ணை மூணுலயும் வச்சுட்டேன்னு தெருவே கேட்கிற மாதிரி நீங்க கத்தலையா? அதான் இப்போ நானே தெளிவா சொல்லிடறேன்."

நியாயமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நம்பர் நல்ல நம்பர்போலத் தெரிந்தது. சோதனைக்கு ஒரு தடவை அழுத்தினார். அடித்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அடிக்கவில்லை. "பார்த்தீங்களா, ஃபிரிட்ஜ்தான்" என்று நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். நீதிபதி நிமிர்ந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், கன்னத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையை ஓங்கினார்.

பளீர்! பளீர்!

நீதிபதியே நீதிபதியை அறைந்துகொள்ளும் காட்சி ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"அலுமினியத் தாள் இருக்குல்ல, அதைக் கொண்டு வா" என்றார் ஸ்டூடியோக்காரர். "சுத்திட்டா வெளி சிக்னல் எதுவும் உள்ளே போகாது."

பின்கட்டில்தான் வீடு. மனைவி அடுக்களையிலிருந்து தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளைப் பெட்டிக்குப் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு போலச் சுற்றினார். வெளி சிக்னல் உள்ளே போகவில்லை. அவருடைய சிக்னலும் போகவில்லை. அழுத்தினார், அழுத்தினார், கட்டைவிரல் வலிக்க அழுத்தினார். ஃப்ளாஷ் ஆழ்ந்த தியானத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதிர்ப் பக்கத்தில் குழந்தை மட்டும் அழுதது.

"அந்தக் குழந்தைக்கு என்ன பண்ணுதாம்?" என்றார் நீதிபதி.

"பல்லு முளைக்குதோ என்னவோ" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பாமலே.

அடுத்து, அப்பா காலத்து ஒயர். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஒரு முனையைக் கேமராவிலும் மறு முனையை ஃப்ளாஷிலும் செருகினார். "பழசுதான் பத்திரம். ஒயர்ல போறது ஒயருக்குள்ளேதான் போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒயர் வேலை செய்தது. ஒரே ஒரு குறை, அது நாற்காலிக்கு முன்னால் குறுக்கே போயிற்று. ஈக்குப் பயந்து நீதிபதி காலை மாற்றிப் போட்டபோது, பூட்ஸ் முனை ஒயரில் மாட்டியது. ஸ்டாண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெதுவாகச் சாய்ந்தது. ஃப்ளாஷை மனைவி பிடித்துவிட்டாள். வெளிச்சம் பரவ அதில் மாட்டியிருந்த வெள்ளைக் குடை கழன்று வந்து நீதிபதியின் தலையில் கவிழ்ந்தது.

குடைக்குள்ளிருந்து அமைதியான குரல் வந்தது.

"மேற்கொண்டு நடக்கட்டும்."

ஸ்டூடியோக்காரர் குடையை எடுத்தார். கண்களில் தண்ணீர் தேங்கிவிட்டது. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஊரே மதிக்கிற மனிதர், வேறு எங்கும் போகாமல் இங்கே வந்திருக்கிறார். இவரும் எதிர் மாடிக்குப் போய்விட்டால், கீழே தொங்கும் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். அப்பா தன் கையால் எழுதிய போர்டு.

"பதினொண்ணுக்கு மாத்து" என்றார், தாளையும் ஒயரையும் கழற்றிப் பெட்டிகளைப் பழையபடி மாட்டிவிட்டு, கடைசி முயற்சியாக.

"பதினொண்ணு! பதினொண்ணு வச்சாச்சு!"

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை மட்டும் அடிக்கடி கேமராவுக்கு மேலே, ஸ்டூடியோக்காரரின் தோளைத் தாண்டிப் போயிற்று.

"ஐயா, லென்ஸைப் பாருங்க."

"பார்க்கிறேன், பார்க்கிறேன்."

அழுத்தினார். பளீர். எதிரே குழந்தை அலறியது. இன்னொரு தடவை அழுத்தினார். குழந்தை அலறியது. ஸ்டூடியோக்காரர் கேமராவை இறக்கினார். நீதிபதியைப் பார்க்காமல், கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, சும்மா அழுத்தினார்.

"வீல்!"

அவருக்குப் புரிந்துவிட்டது. மருந்துக் கடை ஃபிரிட்ஜ் நிரபராதி.

"அவன்தான்!" என்றார். "அவனும் இதே பெட்டியை வாங்கியிருக்கான்! நான் அழுத்தினா அவனுக்கு அடிக்குது, அவன் அழுத்தினா எனக்கு அடிக்குது. நான் எந்த நம்பருக்குப் போனாலும் பின்னாலேயே வர்றான். வேணும்னே பண்றான்!"

சொன்னதோடு நிற்கவில்லை. கோபத்தில் படபடவென்று அழுத்தினார். எதிரே குழந்தையின் அழுகையோடு ஒரு ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. உடனே பதில் வந்தது. இங்கே ஃப்ளாஷ் மழைக்கால வானம்போல வெட்டி வெட்டி மின்னியது. இவர் அழுத்த, அவன் அழுத்த, நடுவில் நீதிபதி இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். இமைத்துப் பிரயோஜனம் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார்.

"ஏம்ப்பா" என்றார் நீதிபதி. "எதிர்த் தரப்பை நேர்ல பார்த்துப் பேசினா என்ன?"

"நானா? அவன்கிட்டயா? பேசியே வருஷக்கணக்காச்சுங்கய்யா."

"விசாரிக்காம யாரையும் குற்றவாளின்னு சொல்லக் கூடாது. போயிட்டு வா. நான் உட்கார்ந்திருக்கேன்."

நீதிபதி சொன்னதற்கு மேல் அப்பீல் ஏது? ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே தடதடவென்று படியிறங்கினார். தெருவில் கால் வைத்தார். எதிர்ப் படியிலிருந்து தம்பியும் அதே வேகத்தில், அதே மாதிரி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினான். நடுத்தெருவில் மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நின்றார்கள். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

"நிறுத்துடா உன் வேலையை!"

"நீ நிறுத்து! அந்தக் குழந்தை எத்தனை தடவை பயந்துச்சுன்னு தெரியுமா? நான் நம்பர் மாத்த மாத்த நீயும் மாத்துறே!"

"நானா மாத்துறேன்? நீதானே என் பின்னாலேயே வர்றே!"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"பின்னே அஞ்சுக்கு ஏன் வந்தே?"

"நீ ஏன் வந்தே? நான் அஞ்சுல..." என்று ஆரம்பித்த தம்பி சட்டென்று நிறுத்தினான். அண்ணனின் கேமராவையே பார்த்தான். அதன் தலையில் ஃப்ளாஷ் இல்லை. அம்மாப் பெட்டி இருந்தது.

"அண்ணே" என்றான், குரல் இறங்கி. "நீ ஃப்ளாஷை வெளியில எடுத்துட்டியா?"

ஸ்டூடியோக்காரர் கையால் பெட்டியை மறைத்தார். மறைத்ததே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

"உங்க அண்ணி வாங்கிக் கொடுத்தா. சும்மா கிடக்குதேன்னு வச்சேன்."

"எந்தப் பக்கம் வச்சே?"

"இடது பக்கம்."

"உசரம்?"

"தலைக்கு மேல ஒரு முழம்."

"மூக்கு நிழல் உதட்டுல விழுதா?"

"கொஞ்சம் விழுது."

"ஒரு சாண் முன்னால தள்ளு, சரியாயிடும்."

"எனக்கே சொல்லித் தர்றியாடா?" என்றார் அண்ணன். ஆனால் அதில் சண்டை இல்லை. சொல்லித் தருகிறவன் வளர்ந்துவிட்டான் என்ற பெருமைதான் இருந்தது. "மேல உட்கார்ந்திருக்கிறது ஜட்ஜ் ஐயாடா. நாளைக்குப் படம் போகணும். ஒண்ணுகூட உருப்படியா வரலை. மானம் போகுது."

தம்பி அரை நொடிகூட யோசிக்கவில்லை. "இரு, என் லைட்டையும் எடுத்துட்டு வர்றேன். குழந்தை இப்போதைக்கு அழுகையை நிறுத்தாது. அடங்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம். ரெண்டும் ஒரே நம்பர்லதானே இருக்கு? நீ ஒரு தடவை அழுத்தினா ரெண்டும் சேர்ந்து அடிக்கும்."

அப்படித்தான் அடித்தது. அண்ணனின் விளக்கு முன்பக்கம், தம்பியின் விளக்கு பின்னால் தோளுக்கு மேலே. தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... அங்கேதான், அடி" என்றான். அண்ணன் அடித்தார். பழைய நாட்களில் ஒரே அறையில் நின்று எடுத்ததுபோல இருந்தது. பழைய நாட்களில் ஒரு படம்கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி ஜன்னலோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தன. கோட்டின் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு. கன்னத்தில் மேடு, பள்ளம், வயது எல்லாம் இருந்தன. அதைவிட அதிசயம், வாயின் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. வாழ்நாளில் யாரும் பார்த்திராத சிரிப்பு. கடைசியாக எடுத்த எல்லாப் படத்திலும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"பார்த்தியாடா? வெளிச்சம் சரியா விழுந்தா கல்லும் சிரிக்கும்" என்று தம்பியின் காதில் கிசுகிசுத்தார் ஸ்டூடியோக்காரர்.

"அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னே. நான்தான் கேட்கலை." அவர் தம்பியின் முகத்தைப் பார்க்காமல், லென்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம். நீ வரணும்."

"படம் எடுக்கவா, சாப்பிடவா?"

"ரெண்டுக்கும்டா. முன்னாடி நின்னு நடத்தவும்தான்."

தம்பி ஸ்டாண்டின் திருகை இறுக்கினான். இறுக்கிய திருகையே மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

நீதிபதி எழுந்தார், கோட்டை உதறினார். அண்ணனும் தம்பியும் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவ்வளவு நம்பர் இருக்க எப்படி இருவரும் ஒரே நம்பரில் வந்து வந்து நின்றோம் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. புத்தி ஒரே மாதிரிதானே போகும்" என்று அண்ணன் சொல்ல, தம்பி கண் கலங்கித் தலையாட்டினான்.

வழியனுப்ப மனைவி வாசல் வரை வந்தாள். நீதிபதி முதல் படியில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, படத்தில் விழுந்த அதே சிரிப்போடு சொன்னார்:

"ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தது நான் ஒருத்தன்தானேம்மா, நீங்க இங்கே நம்பரைக் கத்தினதும் பெட்டியைத் திருகிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்களே எதிர் மாடியில உங்க ஓரகத்தி, போதும், இனிமே அவங்களைக் கையை இறக்கிக்கச் சொல்லுங்க."